மோட்டார் காத்திருந்த நூறாண்டு
(மின்வாகனத் தொழில்நுட்ப வளர்ச்சி குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே, ஆர்வத்தோடு வந்திருக்கும் மாணவ நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மின்வாகனம் என்று பேச்செடுத்தாலே, எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் எப்படி வளர்ந்தது, இன்று அதன் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு கேள்வி மறைத்துவிடுகிறது. பொறியாளர்கள் தூரத்தை ஓரளவு வென்றுவிட்டார்கள். அவர்கள் இன்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது வெப்பத்தோடும், மின்கலத்தின் மூப்போடும், சார்ஜ் ஏறும் வேகத்தோடும்தான். இன்றைய என் உரை முழுவதும் இந்த ஒரு கருத்தையே சுற்றி வரும்.

மின்வாகனம் புதிய கண்டுபிடிப்பு என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கி வைப்போம். 1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். 1881-இல் குஸ்தாவ் துரூவே பாரிஸ் நகரில் மின்சாரத்தால் ஓடும் முச்சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1899-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனட்சி, எறிகுண்டு வடிவில் அமைந்த தம் மின்வண்டியில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். சாலை வண்டிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் என்னும் எல்லையை முதலில் தாண்டியது பெட்ரோல் வண்டியன்று, மின்வண்டி. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும் ஓடியவை. பெட்ரோல் கார்கள் வெறும் 936.

அப்படியிருந்த மின்வண்டி ஏன் தோற்றது? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 1912-இல் காடிலாக் கார்களில் வந்த மின் ஸ்டார்ட்டர். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த அந்தக் கருவி, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையை ஒழித்தது. பெட்ரோல் காரின் பெரிய குறையைத் தீர்த்து வைத்ததே ஒரு மின்கலமும் ஒரு சிறு மோட்டாரும் என்பது இந்த வரலாற்றின் குறும்பு. ஆனால் ஸ்டார்ட்டர் வராமல் இருந்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்கும் என்று நான் கருதவில்லை. காரணம் எளிய கணக்கில் இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ ஈய-அமில மின்கலத்தில் இன்றைக்கும் 30 முதல் 40 வாட் மணிதான். பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாக வீணடிக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். 40 லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 360 கிலோவாட் மணி, அதாவது 360 யூனிட் இருக்கிறது என்றால், சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது சுமார் 90 யூனிட். அதே 90 யூனிட்டைச் சக்கரத்துக்குத் தர, இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, மின்கலத்தில் 100 யூனிட் இருந்தால் போதும். அந்த 100 யூனிட்டை ஈய-அமில மின்கலத்தில் சேமிக்க வேண்டுமானால், மின்கலத்தின் எடை மட்டுமே மூன்று டன்னை நெருங்கும். இன்றைய லித்தியம் மின்கல அடுக்கில், கிலோவுக்கு 160 வாட் மணி என்று வைத்துக்கொண்டால், 600 கிலோவைச் சற்றே தாண்டும். மூன்று டன் என்பது நடவாத காரியம். 600 கிலோ என்பது சுமையானது, ஆனால் நடக்கக்கூடியது. மின்வாகனம் நூறாண்டு காத்திருந்ததும், பிறகு திரும்பி வந்ததும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் அடங்கிவிடுகிறது.

மோட்டாரோ அன்றே தயாராக இருந்தது. நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்புவிசையையும் தரக்கூடியது மின்மோட்டார். எஞ்சினைப் போல் ஒரு குறிப்பிட்ட சுழல்வேகம் வரும்வரை கியர் மாற்றி மாற்றித் தாங்க வேண்டியதில்லை. தொடக்க கால வண்டிகளில் இருந்தவை நேர்மின்னோட்ட மோட்டார்கள். அவற்றில் கார்பன் தூரிகைகள் உராய்ந்து தேயும், தீப்பொறி பறக்கும். தூரிகையே இல்லாத தூண்டல் மோட்டாரை 1880-களிலேயே கலிலியோ ஃபெராரிஸும் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியே உருவாக்கிவிட்டனர். ஆனால் அதற்கு மாறுமின்னோட்டம் வேண்டும். அதுவும் வண்டியின் வேகத்துக்கு ஏற்ப அதிர்வெண் கூடிக் குறையும் மாறுமின்னோட்டம் வேண்டும். மின்கலம் தருவதோ நேர்மின்னோட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே, சாதாரண வண்டிக்குப் பொருந்தும்படி பாலம் போட ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

அந்தப் பாலத்தின் பெயர் இன்வெர்ட்டர். ஆறு மின்னணு ஸ்விட்சுகள் ஒரு நொடியில் பல ஆயிரம் முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்து, மின்கலத்தின் நேர்மின்னோட்டத்திலிருந்து மூன்று கட்ட மாறுமின்னோட்டத்தைச் செதுக்கி எடுக்கின்றன. நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை இந்த வேகத்தில் வெட்டி ஒட்டக்கூடிய குறைகடத்தி 1980-களில்தான் கைக்கு வந்தது. ஐ.ஜி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த டிரான்சிஸ்டரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கி வளர்த்தவர் பி. ஜெயந்த் பாலிகா. மின்வாகனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மின்கலத்தைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். பாலிகாவின் பெயர் அரிதாகவே காதில் விழுகிறது. அது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு நகர்கிறதே, அந்த நயம் மோட்டாருடையது மட்டுமன்று, ஸ்விட்சுகளுடையதும் ஆகும். பிரேக் பிடிக்கும்போது அதே ஸ்விட்சுகள் மோட்டாரை மின்னாக்கியாக மாற்றி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பங்கை மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. எந்தப் பெட்ரோல் வண்டியாலும், தான் எரித்த எரிபொருளில் ஒரு துளியைக்கூட இப்படித் திரும்பப் பெற முடியாது.

2017-இல் வெளிவந்த டெஸ்லா மாடல் 3 காரில், சிலிக்கானுக்குப் பதிலாகச் சிலிக்கான் கார்பைடால் ஆன ஸ்விட்சுகள் பெருவாரி உற்பத்திக்கு வந்தன. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இவற்றில் ஏற்படும் இழப்பு குறைவு; கூடுதல் வெப்பத்தையும் இவை தாங்கும். மோட்டாரிலும் இதே போன்ற மாற்றம் நிகழ்ந்தது. ஜப்பானில் மசாடோ சாகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியம் காந்தங்கள், மோட்டாரைச் சிறிதாக்கி அதன் திறனைக் கூட்டின. ஆனால் அவை வெப்பத்தில் காந்தத்தன்மையை இழக்காமல் இருக்க டிஸ்புரோசியம் போன்ற அருமண் உலோகங்கள் வேண்டும். அவற்றைப் பிரித்துச் சுத்திகரிக்கும் தொழில் பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. ஆகவே காந்தமே இல்லாமல், சுழலும் பகுதியில் செப்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்தும் பழைய முறைக்கு ரெனோ, பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்கள் சில மாடல்களில் திரும்பியிருக்கின்றன.

இனி மின்கலத்துக்கு வருவோம். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1970-களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டானியம் டைசல்ஃபைடு என்னும் படலப் படலமான பொருளுக்குள் லித்தியம் அயனிகள் புகுந்து வெளிவர முடியும் என்று காட்டினார். எண்ணெய்க் கம்பெனி ஒன்று எண்ணெய்க்கு மாற்றுத் தேடிய காலம் அது. ஆனால் அவருடைய மின்கலத்தின் எதிர்முனையில் இருந்தது தூய லித்தியம் உலோகம். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும்போது அந்த உலோகம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, மறுமுனையைத் தொட்டு, குறுக்கு மின்னோட்டத்தையும் தீயையும் உண்டாக்கியது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடெனஃப், லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைக்குப் பயன்படுத்தி ஏறக்குறைய 4 வோல்ட் மின்னழுத்தத்தை எட்டினார். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, எதிர்முனையில் லித்தியம் உலோகத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, பெட்ரோலியக் கரியை வைத்தார். 1991-இல் சோனி நிறுவனம் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குடெனஃபுக்கு அப்போது வயது 97.

இந்த வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத ஒன்றை இப்போது சொல்கிறேன். எதிர்முனைக்குக் கரியைவிட நல்ல பொருள் கிராஃபைட் என்பது முன்பே தெரியும். ஆனால் புரொபிலீன் கார்பனேட் என்னும் திரவத்தை மின்பகுளியாக, அதாவது இரு முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் ஊடகமாக, வைத்துச் சார்ஜ் ஏற்றியபோது, அந்தத் திரவ மூலக்கூறுகள் லித்தியத்தோடு ஒட்டிக்கொண்டு கிராஃபைட் படலங்களுக்குள் நுழைந்து, படலங்களைப் பிளந்து உதிர்த்துவிட்டன. எத்திலீன் கார்பனேட் என்று இன்னொரு பொருள் உண்டு. முன்னதற்கும் இதற்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வேறுபாடு. ஆனால் அது அறை வெப்பநிலையில் திண்மமாக இருப்பதால், அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. வேறு திரவத்தோடு கலந்து அதைப் பயன்படுத்தியபோது கிராஃபைட் உதிரவில்லை. ஏனென்றால், முதல் சார்ஜின்போதே அந்த மின்பகுளி சிறிதளவு சிதைந்து, கிராஃபைட்டின் மேல் சில பத்து நானோமீட்டர் தடிப்பில் மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகிறது. லித்தியம் அயனி அந்தத் தோலின் வழியே போகலாம்; திரவம் போக முடியாது. இன்று சாலையில் ஓடும் மின்வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தோலை நம்பித்தான் ஓடுகின்றன. யாரும் திட்டமிட்டு வடிவமைக்காமல் தானாக உருவான ஒரு கசடுதான் இத்தனை பெரிய தொழிலைத் தாங்கி நிற்கிறது.

மின்கலம் ஏன் மூப்படைகிறது என்ற கேள்விக்கும் விடை அதே தோலில்தான் இருக்கிறது. அது ஒரு நாளும் வளர்வதை நிறுத்துவதில்லை. ஒவ்வொரு சார்ஜிலும் கிராஃபைட் சற்று விரிந்து சுருங்கும்போது தோலில் விரிசல் விழும். அந்த விரிசலை அடைக்கப் புதிய தோல் உருவாகும். அதற்குக் கொஞ்சம் லித்தியம் செலவாகும். அப்படிச் செலவான லித்தியம் திரும்பக் கிடைக்காது. வெப்பம் கூடக் கூட இந்த வினை வேகமெடுக்கும். வண்டியை ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருந்தாலும், முழுச் சார்ஜோடு வெயிலில் நிறுத்தினால் மின்கலம் முதிர்வதற்குக் காரணம் இதுதான். 2010-இல் வந்த நிசான் லீஃப் காரில் மின்கலத்தைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இருக்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெப்பமான பகுதிகளில் அந்தக் கார்களின் மின்கலக் கொள்ளளவு விரைவாகக் குறைந்தது. அதே காலத்தில் குழாய்களில் குளிர்திரவத்தை ஓடவிட்ட வாகனங்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. மின்கலத்தை ஒரே அளவான வெப்பத்தில் வைத்திருக்கும் குளிர்விப்பு முறை, வாகனத்தின் ஆடம்பரமன்று, அதன் ஆயுள் என்பதைத் தொழில்துறை அங்கேதான் பாடமாகக் கற்றுக்கொண்டது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்காமல் இந்த அவை என்னை விடாது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த நேர்முனை கொண்ட மின்கலம் எல்லை கடந்து சூடேறினால், முதலில் அந்த மெல்லிய தோல் சிதையும்; 130 டிகிரியை ஒட்டி, இரு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பாலித்தீன் தடுப்பு உருகும்; பிறகு நேர்முனையே சிதைந்து ஆக்சிஜனை வெளியிடும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே உறைக்குள் இருப்பதால், வெளியிலிருந்து காற்றைத் தடுத்து அந்தத் தீயை அணைக்க முடியாது. தண்ணீரைக் கொட்டிக் கொட்டிச் சூட்டைத் தணிப்பதே வழி.

இதற்கு மாற்றாக வந்ததுதான் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட். 1997-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் குடெனஃப் குழு இதை வெளியிட்டது. ஆய்வுக்கட்டுரையின் முதற்பெயர் அக்ஷய பாதி. ஃபாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறுவதில்லை. ஆக்சிஜன் இப்படி வேறொரு தனிமத்தோடு இறுகப் பிணைந்த பொருள்களின் ஆய்வில் 1980-களிலேயே குடெனஃபோடு இணைந்து உழைத்தவர் ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குடெனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே. இந்தப் பொருள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்று தொடக்கத்தில் பலரும் ஒதுக்கினர். துகளை நானோ அளவுக்குப் பொடித்து, மேலே கார்பன் பூசியதும் அந்தக் குறை நீங்கியது. கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. விலை குறைவு, ஆயுள் அதிகம். கிலோவுக்கு அடங்கும் ஆற்றல்தான் குறைவு. அதை ஈடுகட்ட, மின்கலங்களைச் சிறு சிறு பெட்டிகளில் அடைத்து, அப்பெட்டிகளை ஒரு பெரிய பெட்டியில் அடைக்கும் வீண்வேலையை விட்டுவிட்டு, நீண்ட தகடு போன்ற மின்கலங்களை நேரடியாகவே அடுக்கத் தொடங்கினார்கள், 2020-இல் பி.ஒய்.டி. நிறுவனம் கொண்டுவந்த பிளேடு மின்கலம் இந்த வழியைச் சேர்ந்தது. 2024-இல் உலக மின்வாகன மின்கலங்களில் ஏறக்குறைய பாதி இந்த ஃபாஸ்பேட் வகையாகிவிட்டது. தூரம் ஒன்றே முக்கியம் என்றால் இது நடந்திருக்காது. ஆற்றல் குறைவான வேதியியலைச் சந்தை தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கிறது.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மற்ற வகையில், மின்கலத்தின் வோல்ட்டைப் பார்த்தே எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஃபாஸ்பேட்டில் 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் வோல்ட் ஏறத்தாழ ஒன்றுதான், 3.2-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே மின்கலத்தைக் கண்காணிக்கும் மேலாண்மைக் கருவி உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணிக்கொண்டே கணக்கு வைக்கிறது. நாளாக நாளாக அந்தக் கணக்கில் பிழை சேர்கிறது. அவ்வப்போது 100 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றுங்கள் என்று இவ்வகை வாகனங்களின் கையேடுகள் சொல்வது, அந்த உச்சியில் வோல்ட் சட்டென ஏறும்போது கணக்கைச் சரிசெய்துகொள்வதற்காகத்தான். நிக்கல் வகைக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள் என்பதே அறிவுரை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

விரைவுச் சார்ஜுக்கு வருகிறேன். நீங்கள் இந்த அரங்குக்குள் வந்து அமர்ந்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் வந்தவர்கள் விரும்பிய இடத்தில் சட்டென அமர்ந்தார்கள். கடைசியில் வந்தவர்கள் வரிசை வரிசையாகக் காலி நாற்காலியைத் தேடினார்கள். கிராஃபைட்டுக்குள் லித்தியம் அமர்வதும் அப்படித்தான். இடம் தேடிக்கொண்டிருக்கும் அயனிகளின் மேல் மேலும் அயனிகளைத் தள்ளினால், அவை உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். விட்டிங்ஹாம் காலத்து ஊசிகள் மீண்டும் தலைகாட்டும். குளிரில் அயனிகள் மந்தமாக நகர்வதால் ஆபத்து இன்னும் கூடுதல். எனவேதான் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகத்தை வாகனமே குறைத்துவிடுகிறது. விரைவுச் சார்ஜ் நிலையத்தை நெருங்கும்போது மின்கலத்தை முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு.

கம்பியின் கதை இதற்குத் தனி. 350 கிலோவாட்டை 400 வோல்ட்டில் ஏற்ற வேண்டுமானால் 875 ஆம்பியர் ஓட வேண்டும். 800 வோல்ட் என்றால் அதில் பாதி போதும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால், அது நான்கில் ஒரு பங்காகிவிடும். 2019-இல் போர்ஷே டைகான் 800 வோல்ட் அமைப்போடு வந்ததற்கு இந்த எளிய இயற்பியலே அடிப்படை.

விலையைப் பற்றி ஒரே வரி. 2010-இல் ஒரு கிலோவாட் மணி மின்கல அடுக்கின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. 2024-இல் உலகச் சராசரி 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது.

வருங்காலம் என்று சொன்னவுடன் எல்லோரும் திண்மநிலை மின்கலத்தைக் கேட்கிறார்கள். திரவ மின்பகுளிக்குப் பதில் திண்மத்தை வைத்து, லித்தியம் உலோகத்தையே மறுபடி எதிர்முனையாக்கும் முயற்சி அது. அதன் பயன் உண்மையானது. ஆனால் திண்மமும் திண்மமும் தொடும் இடத்தில் இடைவெளி விழாமல் காக்க மின்கலத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சல்ஃபைடு வகை மின்பகுளி ஈரக்காற்றுப் பட்டால் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். ஊசிகள் திண்மத்தின் விரிசல்களிலும் புகுந்து வளர்கின்றன. ஆய்வகத்தில் ஒரு மின்கலம் ஓடுவதற்கும் ஆலையில் கோடி மின்கலங்கள் ஒரே தரத்தில் வெளிவருவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அறிவிப்புகளை எழுதுகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். என் மதிப்பில், சோடியம் அயனி மின்கலம் ஆரவாரமில்லாமல் முன்னே வரக்கூடியது. சோடியம் எங்கும் கிடைக்கும். அலுமினியத்தோடு அது கலப்பதில்லை ஆதலால், இரு முனைகளிலும் செம்புத் தகடு இல்லாமல் அலுமினியத் தகட்டையே பயன்படுத்தலாம். குளிரிலும் நன்றாக வேலை செய்யும். ஆற்றல் அடர்த்தி குறைவுதான். ஃபாஸ்பேட்டைப் பற்றியும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

கடைசியாக, மின்கலம் ஓய்வு பெற்ற பின் என்ன ஆகிறது என்பது. பழைய மின்கலங்களை அரைத்துக் கிடைக்கும் கரும்பொடியை அமிலத்தில் கரைத்து நிக்கல், கோபால்ட், லித்தியம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் முறைகள் ஏற்கெனவே ஆலைகளில் நடைபெறுகின்றன. ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது: வாங்குபவருக்கு மலிவான ஃபாஸ்பேட் மின்கலத்தில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லாததால், மறுசுழற்சி செய்பவருக்கு அதில் கிடைப்பது மிகச் சொற்பம். சந்தையை மட்டும் நம்பினால் இந்த மின்கலங்கள் குவியலாகக் கிடந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறை, 2031 முதல் புதிய வாகன மின்கலங்களில் உள்ள கோபால்ட்டில் 16 சதவீதமும், லித்தியத்திலும் நிக்கலிலும் 6 சதவீதமும் மறுசுழற்சியில் கிடைத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு வாகன மின்கலத்துக்கும் மின்னணுக் கடவுச்சீட்டும் கட்டாயமாகிறது. அது எந்த வேதியியலைச் சேர்ந்தது, அதன் உடல்நிலை எப்படி இருக்கிறது என்பன போன்ற விவரங்கள் அதில் பதிவாகும். பழைய மின்வாகனம் ஒன்றை வாங்க வருபவர் இனிமேல் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்ப்பதைவிட, அந்தக் கடவுச்சீட்டைப் பார்த்து மின்கலத்தில் எத்தனை சதவீதக் கொள்ளளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளதாக இருக்கும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். நன்றி, வணக்கம்.